ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு ஒரு மாதக் கெடுவைத் தானாக நிறுத்தாது

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாடகைக் கடையொன்றில் தையல் தொழில் செய்கிறேன். கடை உரிமையாளர் இரவோடிரவாக வேறு பூட்டுப் போட்டுவிட்டார். பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு சொன்னேன். அதிகாரி சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலே ஒப்பம் வாங்கினார். ஆறாம் நாள் மருமகள் பிரதியை வாசித்தபோது, 'அறிவிப்பதற்காக மட்டுமே, விசாரணை தேவையில்லை' என்று நான் கூறியதாக அதில் இருந்தது. ஒன்பதாம் நாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டுப் பற்றுச்சீட்டுப் பெற்றேன். இன்று பதினாறாம் நாள். ஆணைக்குழுவுக்குப் போய்விட்டதால் உயர் நீதிமன்றத்துக்கு அவசரமில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: அம்மா, அந்தப் பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால் அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும் என்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், முறைப்பாடு மீதான விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று ஒரு சலுகை தருகிறது. உங்களுக்குச் சொன்னவர்கள் இதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பிரிவு பேசுவது விசாரணையைப் பற்றி. முறைப்பாட்டைக் கையளித்ததைப் பற்றி அல்ல. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதை மனுதாரரே காட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியுள்ளது. 1988இல் அறிக்கையிடப்பட்ட காமஎத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில், வேறு பரிகாரங்களை நாடிக்கொண்டிருப்பது ஒரு மாதக் கெடுவைத் தடுக்காது என்றும், மனுதாரர் பக்கம் தவறோ தாமதமோ இல்லாத விதிவிலக்கான நிலைமையிலேயே நீதிமன்றம் இளக்கம் காட்டலாம் என்றும் கூறப்பட்டது. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மூன்றாம், நான்காம் மாதத்தில், உயர் நீதிமன்றம் அமைந்துள்ள கொழும்புப் புதுக்கடைக்கு வருபவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும், காலங்கடந்தது என்ற ஒரே ஆட்சேபனையில் மனு விழுந்துவிடுவது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது? பிரதியை வாசித்து அறிந்த ஆறாம் நாளிலிருந்து எண்ணவேண்டும் என்று வாதிடலாம். அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும் ஒப்பமிட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள். அப்படியானால் உங்களிடம் ஏறத்தாழ இரண்டு வாரமே இருக்கிறது.

இனி, உரிமை மீறப்பட்டதா என்ற கேள்வி. 'சிங்களத்தில் எழுதினார்கள்' என்பதை மட்டும் மனுவின் மையமாக்கினால் அது வலுக்குறையும். ஏனெனில் வடக்கு, கிழக்குக்கு வெளியே பொதுப் பதிவேடுகள் சிங்களத்தில் பேணப்படுவதற்கு 22ஆம் உறுப்புரையே இடமளிக்கிறது. அதே உறுப்புரைதான், கொழும்பில் வாழும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும், சட்டப்படி பெறத்தக்க பதிவின் பிரதியைத் தமிழ் மொழிபெயர்ப்பாகப் பெறவும் உரித்துடையவர் என்கிறது. பதிவேட்டின் மொழி வேறு, உங்களுடன் பேசவேண்டிய மொழி வேறு.

உங்கள் கையிலுள்ள வலுவான சட்டம் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. வாய்மொழியாகத் தரப்படும் தகவலை, அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். அதிகாரிக்கு அம்மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். அவராலும் முடியாது என்றால் மட்டுமே தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதலாம். அப்போதும் தேவையானால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியாகவேண்டும். உங்களிடம் தாளும் பேனாவும் தந்து 'நீங்களே எழுதுங்கள்' என்று கேட்டார்களா? கடிதத்தைப் பார்த்தால் கேட்கவில்லை என்றே தெரிகிறது. சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காமற் போனதை, அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் கீழ் சட்டத்தின் சமமான பாதுகாப்பு மறுக்கப்பட்டதாகவும், அதன் நான்காம் அத்தியாயத்தின் மொழி உரிமை மீறப்பட்டதாகவும் சேர்த்தே மனுவில் கூறவேண்டும்.

ஒப்பமிட்டுவிட்டேனே என்று அஞ்சவேண்டாம். வாசித்துக் காட்டப்படாத தாளில் இட்ட ஒப்பம் அதிலுள்ளதற்கு ஒப்புதல் ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் ஒப்பமிட்டதை மறைக்காமல், எந்த நிலையில் இட்டீர்கள் என்பதைச் சத்தியக்கடதாசியில் (சத்தியம் செய்து தரும் எழுத்துக் கூற்றில்) நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த 'விசாரணை தேவையில்லை' என்ற வரியை மருமகள் வாசித்த நாளையும் அவருடைய தனிச் சத்தியக்கடதாசியில் பதியுங்கள்.

கடைப் பூட்டு வேறு விடயம். உரிமையாளர் தனியார் என்பதால் அவருக்கு எதிராக 126ஆம் உறுப்புரை உதவாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டு, சமாதானம் குலையும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீங்களே நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்யலாம். வெளியேற்றம் அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்கவேண்டும் என்பதால், இங்கும் நாள் ஓடுகிறது.

இந்த வாரமே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் முழுமையாக எழுதி, முந்திய பதிவு உங்கள் கூற்றல்ல என்றும், அதன் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றும் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம், விசாரணை தொடங்கியதா என எழுத்தில் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். சட்டத்தரணிக்குச் செலவழிக்க வசதியில்லையெனில் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். போகும்போது முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுப் பற்றுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், கடைசியாக வாடகை செலுத்திய ரசீது, தபால் ரசீது எல்லாவற்றையும் எடுத்துச்செல்லுங்கள். ஒப்பமிட்ட திகதியை ஒரு தாளில் தனியாக எழுதி மேலே வையுங்கள்.