கிராம்பு மென்றும் வாய் நாற்றம் போகவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 34. தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். சட்டைப்பையில் கிராம்பு, ஏலக்காய் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர்கள் லேசாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வயிற்றுக் கோளாறாக இருக்குமோ என்று பேதி மருந்துகூடச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நல்ல மூலிகை மருந்தாகச் சொல்லுங்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முதலில் பேதி மருந்தை நிறுத்துங்கள். பாவம், வயிறு செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறது. வாய் நாற்றம் உள்ள பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயேதான் இருக்கும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, நாக்கின் பின்பகுதியை மெல்லச் சுரண்டுங்கள். குமட்டும், பரவாயில்லை. மாவு மாதிரி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால், சில விநாடி கழித்து முகர்ந்து பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு வருவது பெரும்பாலும் அந்த வாடைதான். கடைவாய்ப் பல் இடுக்கில் விட்டு எடுத்த நூலையும் அப்படியே முகர்ந்து பாருங்கள்.

காற்றுப் படாத இந்த இடங்களில்தான் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள் இவற்றிலுள்ள புரதத்தை அவை சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வருகின்றன. அழுகிய முட்டை வாடை வரக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதில் ஒன்று. இவற்றையெல்லாம் கழுவித் தள்ளுவது உமிழ்நீர். தூங்கும்போது அது குறைவாகச் சுரப்பதால்தான் காலையில் எல்லோர் வாயும் நாறுகிறது. வாயால் மூச்சு விடுபவர்களுக்கும், அலர்ஜி மாத்திரை சாப்பிட்டு வாய் உலர்ந்துபோகிறவர்களுக்கும் பகலிலும் அதே கதைதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவம் படித்து முடித்த புதிதில், வருகிறவர்களுக்கெல்லாம் கொப்பளிக்கக் கஷாயம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா, "முதல்ல உன் வாயைக் கவனி" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்தால், டான்சில் குழியில் அரிசிக் குருணை அளவு வெள்ளைக் கட்டி! சில நாள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை வரை கொப்பளித்ததில் அது தானாக வெளியே வந்தது. அது இருந்தவரை கிராம்பு எதையும் சாதிக்கவில்லை. உங்களுக்கும் அப்படிக் கட்டி இருந்தால் ஊக்கு, குச்சி விட்டு நோண்டாதீர்கள்.

சரி, மூலிகைக்கு வருகிறேன். பல் தேய்த்து, நாக்கு வழித்து, இடுக்கையும் நூலால் சுத்தம் செய்த பிறகுதான் இதெல்லாம். ஒரு ஸ்பூன் திரிபலா சூரணத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் காலையும் இரவும் அரை டம்ளர் எடுத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். கொய்யா இலைக் கஷாயமும் கொப்பளிக்க நல்லதுதான். சோம்பு மெல்லலாம், மெல்லும்போதே உமிழ்நீர் ஊறும், அதுதான் அதன் பெரிய பலன். கிராம்பு மெல்வதானால் ஒரே ஒரு கிராம்பு போதும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் தடவினால் புண்ணாகிவிடும். எலுமிச்சையையும் கரித்தூளையும் போட்டுப் பல்லைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். எனாமல் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது.

ஈறில் ரத்தம் கசிந்தாலோ, பல் ஆடினாலோ என்னிடம் வர வேண்டாம், நேராகப் பல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாளிக்கு மூச்சில் பழ வாசனை அடித்து, வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பூண்டு சாப்பிட்டால் பல் தேய்த்தும் வாடை போவதில்லையே, ஏன்?

பதில்: அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. பிரஷ் அங்கே எட்டாது. சாப்பிட்ட கையோடு ஆப்பிளோ பச்சைப் புதினா இலையோ மென்று தின்றால் கொஞ்சம் குறையும். மிச்சம் தானாக அடங்க வேண்டியதுதான்.