மூன்றாம் நாள், கியூடி 520: தம்பியை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

பூச்சிமருந்து குடித்த தம்பி நன்றாகப் பேசுகிறார், நாடித்துடிப்பும் 90தான், பிறகு ஏன் ஐசியூவிலேயே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகாதீர்கள்.

ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் விஷத்தில் ஆரம்பத்தில் துடிப்பு குறைந்து இரத்த அழுத்தம் விழலாம். அதற்குத்தான் அட்ரோபின் மருந்து. ஈசிஜியில் கியூடி (ஒரு துடிப்பின் மின்னோட்டம் தொடங்கி அடங்க ஆகும் நேரம்) 520 மில்லிசெகண்ட் என்பது வேறு ஆபத்து. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது. 500ஐத் தாண்டினால் டார்சேட்ஸ் என்ற தாறுமாறான துடிப்பு திடீரெனத் தொடங்கலாம். ஆள் தெளிவாக இருக்கும்போதும், சில நாள் கழித்தும் வரும். மானிட்டர் இருந்தால்தான் உடனே மெக்னீசியம் சல்பேட் 2 கிராம் நரம்பில் ஏற்றவோ, நாடி நின்றால் ஷாக் கொடுக்கவோ முடியும்.

டாக்டரிடம் இன்றைய பொட்டாசியம், மெக்னீசியம் அளவைக் கேளுங்கள். பொட்டாசியம் 4க்குக் (mmol/L) கீழே இறங்கவே கூடாது. வாந்திக்கு ஒண்டான்செட்ரான், பிதற்றலுக்கு ஹாலோபெரிடால், சளிக்கு அசித்ரோமைசின் போகிறதா என்றும் கேளுங்கள். மூன்றுமே கியூடியை இன்னும் நீட்டும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இன்னொன்று: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் நான்கு நாளில் கழுத்துத் தசை தளர்ந்தால், அடுத்து மூச்சு நிற்கலாம்.

வேண்டுமென்றே குடித்திருந்தால், மனநல மருத்துவர் பார்த்த பிறகே டிஸ்சார்ஜ் கேளுங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள்.