மேப்புல கிடக்கிற நம்பர்தானேன்னு அள்ளிட்டேன், இப்ப வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குது

கேள்வி: வக்கீலய்யா வணக்கமுங்க. அவிநாசி பக்கத்துல எங்க மாமா லேபிள், ஹேங் டேக் அடிக்கிற யூனிட் வெச்சிருக்கறாரு, நான் கம்ப்யூட்டர் படிச்சுட்டு அவர்கூடத்தான் இருக்கறேன். புது பார்ட்டி பிடிக்கறதுக்காக கூகுள் மேப்புல இருக்கற பனியன் கம்பெனி, டையிங், எம்ப்ராய்டரி யூனிட்டுங்க பேரு, அட்ரஸ், போன் நம்பரை பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானா ஓடற சின்ன புரோகிராம், எழுதி எடுத்தேன். திருப்பூர், ஈரோடு, கரூர்னு சேர்த்து 11,000 வரி வந்துச்சு. நடுவுல பிளாக் பண்ணுச்சு, வேற வேற கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற மாதிரி காட்டற ப்ராக்ஸி போட்டு மாத்தி மாத்தி ஓட்டுனேன். நம்பர் கிடைக்காததுக்கு ஒரு டைரக்டரி வெப்சைட்டுல இருந்தும் 1,400 எடுத்தேன். மாமா கம்பெனி சிம்முல இருந்து தினமும் போன், வாட்ஸப். இப்ப சிம்முல அவுட்கோயிங் போகல. ஊட்டுலயே வெச்சுத் தைக்கற ஒரு அக்கா, என்ற நம்பரை யாரு குடுத்தாங்கன்னு கூப்பிட்டுத் திட்டுறாங்க. டைரக்டரிக்காரங்க 15 நாள்ல 5 லட்சம் கட்டணும், இல்லீன்னா ஐடி ஆக்ட் 66ல ஜெயில்னு நோட்டீஸ் விட்டிருக்கறாங்க. லிஸ்ட்டை ஒரு பிரெண்டுக்கு 8,000 ரூபாய்க்கு வேற குடுத்திருக்கறேன், அது மாமாவுக்கு தெரியாது. எல்லாம் பப்ளிக்கா இருக்கற நம்பர்தானுங்களே? எல்லாத்தையும் அழிச்சரட்டுமா?

பதில்: அழிச்சராதீங்க தம்பி. மொதல்ல அதைச் சொல்லிர்றேன், மிச்சத்தை பொறவு பேசிக்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்த பொறவு பைலை அழிச்சா தப்பு பண்ணுனது நெசம்தான்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும், அதும்போக அந்த டைரக்டரிக்காரங்க சர்வர்ல எந்த ஐபில, அதாவது எந்த இன்டர்நெட் முகவரியில இருந்து எந்நேரம் எத்தனை பக்கம் திறந்தீங்கங்கற பதிவு அப்படியே இருக்கும், அவங்க ரெக்கார்டு இருந்து உங்க ரெக்கார்டு மட்டும் இல்லாமப் போனா அவங்க சொல்றதுதான் கணக்குன்னு ஆயிரும். 1,400ங்கறதை அவங்க 14,000ன்னு சொன்னா நீங்க எதைக் காட்டி இல்லைன்னு சொல்லுவீங்க? ஸ்கிரிப்டை நிறுத்துங்க, போன் பண்றதை நிறுத்துங்க, லிஸ்ட்டையும் ஸ்கிரிப்டையும் ஒரு எழுத்து மாத்தாம பென்டிரைவ்ல காப்பி போட்டு பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. அந்தக் கம்பெனிக்கு நீங்களே கூப்பிட்டு "தெரியாம பண்ணிட்டேனுங்க"ன்னு பேசறது, வாட்ஸப்ல சாரி அனுப்பறது, ரெண்டும் வேண்டாம். நல்ல மனசுலதான் பண்ணுவீங்க, ஆனா அதுவே ஸ்கிரீன்ஷாட்டா கோர்ட்டுக்கு வந்து நிக்கும், நான் பாத்திருக்கறேன்.

மாமாவுக்கு தெரியாத விசயத்தை இங்க போட்டுட்டேனேன்னு பயப்படாதீங்க, விவரத்தை கொஞ்சம் மாத்தித்தான் போட்டிருக்கறேன். ஆனா அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. சிம்மு அவர் கம்பெனி பேர்ல இருக்குது, நோட்டீசும் கம்பெனிக்குத்தான் வந்திருக்கும்.

இனி அந்தப் பப்ளிக் நம்பர் கதை. ரோட்டோரத்துல நெடுஞ்சாலைத்துறை புளியமரம் பாத்திருப்பீங்க, ரோட்டை அகலப்படுத்தறேன்னு பாதி வெட்டிட்டாங்க, மிச்சம் நிக்கறதைச் சொல்றேன். அதுல காய்க்கறதை ஏலம் விடுவாங்க. வண்டியை நிறுத்தி நெழல்ல நிக்கலாம், கீழ விழுந்து கிடக்கற பழம் ரெண்டை எடுத்து வாயில போட்டுக்கலாம், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தொரட்டியும் சாக்கும் எடுத்துட்டுப் போயி உலுக்குனீங்கன்னா ஏலம் எடுத்தவரு வந்து நிப்பாரு. மரம் ரோட்டுலதானே இருக்குதுன்னு அப்ப நீங்க சொன்னா எடுபடாது. மேப்புல ஒரு டையிங் யூனிட் நம்பரைப் பாத்து போன் பண்றது அந்த ரெண்டு பழம், அதுக்குத்தான் அவங்க நம்பரே போட்டிருக்கறாங்க. 11,000த்தை ராவோட ராவா உலுக்குறது வேற.

கூகுள் மேப்ஸ் விதிமுறையில, அங்க இருக்கற விவரத்தை எடுத்து வெளிய கொண்டுபோயி தனி லிஸ்ட்டா வெச்சுக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்குது. நான் காசு கட்டி ஏபிஐ, அதாவது புரோகிராம் மூலமா கூகுள்கிட்டயே டேட்டா கேக்கற வழியை வாங்குனா சரியாயிருமான்னு நிறையப் பேரு கேக்கறாங்க, அதுவும் முழுசா ஆகாதுங்க. ஏபிஐல எடுத்தாலும் அட்சரேகை தீர்க்கரேகையை 30 நாள் வரைக்கும்தான் வெச்சுக்க விடறாங்க, பிளேஸ் ஐடிங்கற அடையாள நம்பரை மட்டும் எத்தனை காலம் வேணா வெச்சுக்கலாம், போன் நம்பரு அட்ரஸெல்லாம் தேவைப்படறப்ப மறுக்கா கேட்டுத்தான் வாங்கோணும். இதை மீறுனா உடனே ஜெயில்னு அர்த்தம் இல்லை, அது ஒப்பந்த மீறல், அக்கவுண்டை முடக்கலாம், நட்டஈடு கேக்கலாம்.

குற்றம்ங்கற பக்கம் எப்ப வருதுன்னா, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. கம்ப்யூட்டருக்கு பொறுப்பானவரோட அனுமதி இல்லாம அதுல இருக்கற டேட்டாவை டவுன்லோடு பண்றது, காப்பி பண்றது, பிரிச்செடுக்கறது, எல்லாம் அதுல வருது. அது நட்டஈடு கேக்கற பிரிவு. அதே காரியத்தை நேர்மையில்லாமலோ மோசடியாவோ பண்ணுனா பிரிவு 66, மூணு வருசம் வரைக்கும் சிறை இல்லீன்னா 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லீன்னா ரெண்டும். அப்ப வழக்கு மொத்தமும் "அனுமதி", "நேர்மையில்லாம" அப்படிங்கற ரெண்டு வார்த்தையிலதான் நிக்குது. திறந்து கிடக்கற பக்கத்தை யாரு வேணா பாக்கலாம்னு அவங்களேதான் விட்டிருக்கறாங்கன்னு நாம வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனா உங்க கடுதாசியில என்னைய உறுத்துன வரி வேற, "பிளாக் பண்ணுச்சு, ப்ராக்ஸி போட்டு ஓட்டுனேன்"ங்கறீங்களே, அது. கதவைச் சாத்துன பொறவு ஜன்னல் வழியா போனதை அனுமதின்னு சொல்றது செரமம். அந்த ப்ராக்ஸி மேப்புக்கு மட்டும் போட்டதா, டைரக்டரி வெப்சைட்டுக்கும் போட்டதா? அங்க லாகின் பண்ணி, விதிமுறைக்கு டிக் போட்டுட்டு எடுத்தீங்களா, சும்மா திறந்து கிடந்த பக்கத்துல எடுத்தீங்களா? நோட்டீஸ் விட்டது டைரக்டரிக்காரங்க, கூகுள் இல்லை, அதுனால இந்த ரெண்டு கேள்விக்கு பதில் தெரியாம நான் எச்சா ஒண்ணும் சொல்ல முடியாது.

அமெரிக்காவுல ஸ்கிரேப்பிங், அதாவது இப்படி புரோகிராம் வெச்சு வெப்சைட்டுல அள்ளறது, தப்பில்லைன்னு தீர்ப்பே வந்துருச்சுன்னு உங்க வயசுப் பசங்க சொல்றாங்க, லிங்க்டுஇன் வெப்சைட்டுல பப்ளிக்கா கிடந்த விவரத்தை ஹைக்யூங்கற கம்பெனி அள்ளுன கேஸைச் சொல்றாங்க. ஏப்ரல் 2022ல மேல்கோர்ட்டு ஹைக்யூ பக்கம் பேசுனது நெசம், அதே வருசம் நவம்பர்ல கீழ்க்கோர்ட்டு லிங்க்டுஇன் விதிமுறையை ஹைக்யூ மீறிருச்சுன்னு சொன்னதும், கடைசியில 5 லட்சம் டாலருக்கு ஹைக்யூ மேல தீர்ப்பானதும் நெசம். பாதிக் கதையோட நம்மூரு கோர்ட்டுக்கு வந்துராதீங்க, அந்தத் தீர்ப்பு இங்க கட்டுப்படுத்தவும் செய்யாது.

ஜெயில் பயத்துக்கு ஒரு வார்த்தை. மூணு வருசத் தண்டனைக் குற்றத்துக்கு அந்தச் சட்டத்துலயே பிரிவு 77பி-ல ஜாமீன் உண்டுன்னு இருக்குது, விசாரிக்கறது இன்ஸ்பெக்டருக்கு கீழ இருக்கறவங்களா இருக்கக் கூடாது. நாளைக்கே வந்து ஊட்டுக் கதவைத் தட்டி இழுத்துட்டுப் போவாங்கன்னு நெனைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

அந்த 5 லட்சத்தை சித்தெ பாருங்க. எங்க இருந்து வந்த தொகைன்னா 66ல இருக்கற அபராத உச்சவரம்பு அது, அபராதம் கவர்மெண்டுக்குப் போறது, அந்தக் கம்பெனிக்கு இல்லை. பயமுறுத்தறதுக்கோசரம் அதே எண்ணை எடுத்து எழுதியிருக்கறாங்க, நோட்டீஸ் எழுதற நாங்க பண்ற வேலைதான், ஒத்துக்கறேன். 43ல நட்டஈடு வேணும்னா அவங்க மாநில ஐடி துறைச் செயலாளர்கிட்ட, அவர்தான் அதுக்கு தீர்ப்பு அதிகாரி, சென்னைக்குப் போயி மனு போடோணும், அங்க நீங்க எவ்வளவு லாபம் பாத்தீங்க, அவங்களுக்கு எவ்வளவு நட்டம், திரும்பத் திரும்பப் பண்ணுனீங்களாங்கறதைப் பாத்துத்தான் தொகை போடுவாங்க. 1,400 வரியால எத்தனை ரூபா போச்சுன்னு அவங்க காட்டோணும். வக்கீல் நோட்டீஸ் கோர்ட்டு உத்தரவு இல்லை, பணத்தைக் கட்டாதீங்க, ஆனா பதில் போடாம பொட்டாட்டம் இருந்தராதீங்க.

காப்பிரைட்டும் போட்டிருப்பாங்க. பேரு, போன் நம்பருங்கற தகவலுக்கு மட்டும் காப்பிரைட் இல்லை. தொகுத்து வெச்ச டேட்டாபேசுக்கு காப்பிரைட் சட்டம் பிரிவு 2(ஓ)ல இடம் உண்டு, 1995லயே டெல்லி ஹைகோர்ட்டு பர்லிங்டன் கேஸ்ல ஒரு கம்பெனியோட கஸ்டமர் லிஸ்ட்டுக்கு பாதுகாப்பு குடுத்திருக்குது. ஆனா அதுக்குப் பொறவு சுப்ரீம் கோர்ட்டு ஈஸ்டர்ன் புக் கம்பெனி கேஸ்ல, ஒழைச்சுச் சேத்தது மட்டும் பத்தாது, தேர்ந்தெடுத்ததுல திறமையும் யோசனையும் தெரியோணும்னு சொல்லிருச்சு. அதுனால வெறும் நம்பர்னா நமக்குப் பேச இடம் இருக்குது. அவங்க எழுதுன விவரிப்பு, எடுத்த போட்டோ, ரிவ்யூ எதையாச்சும் சேத்து எடுத்திருந்தா பேச்சு மாறிரும். இன்னொண்ணு, டைரக்டரிக்காரங்க சில பேரு இல்லாத கம்பெனி பேர்ல பொய் வரி ரெண்டு மூணு நட்டு வெப்பாங்க, நம்பரு அவங்க ஆபீஸ்லயே அடிக்கும். உங்க மாமா அந்த நம்பருக்கும் லேபிள் வேணுமான்னு போன் பண்ணியிருந்தாருன்னா நீங்க பிடிபட்டதே அப்படித்தான் இருக்கும்.

சிம்மு கதை தனி. அதுல நீங்க நம்பரை எங்க எடுத்தீங்கங்கறதே விசயமில்லை, சாதா 10 இலக்க நம்பர்ல இருந்து வியாபாரத்துக்கு வரிசையாக் கூப்பிட்டதுதான். டிராய்ங்கற டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையத்தோட 2018 விதிமுறையை 2025 பிப்ரவரியில இன்னும் இறுக்கிட்டாங்க, 10 நாள்ல 5 புகார் வந்தாலே நடவடிக்கை, மொதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் கட், மறுக்காப் பண்ணுனா மாமா பேர்ல இருக்கற லைன் மொத்தமும் ஒரு வருசத்துக்கு போயிரும். பனியன் தொழில்ல இருக்கறவருக்கு நம்பரு போறதுன்னா பொழப்பே போற மாதிரி, 20 வருசப் பார்ட்டியெல்லாம் அந்த நம்பர்லதான் கூப்பிடுவாங்க. அதுனால கட் நீங்குன உடனே பழையபடி ஆரம்பிக்காதீங்க. கூப்பிட்டே ஆகோணும்னா டெலிமார்க்கெட்டிங்குக்கு முறையாப் பதிஞ்சு 140ல ஆரம்பிக்கற நம்பர் வாங்கி, வியாபாரக் கால் வேண்டாம்னு டிஎன்டில பதிஞ்சிருக்கறவங்களைக் கழிச்சுட்டுக் கூப்பிடோணும். வாட்ஸப் டிராய்க்கு கீழ வராது, ஆனா கும்பலா அனுப்புனா அவங்களே நம்பரை முடக்கிருவாங்க.

அந்தத் தைக்கற அக்கா விசயத்தை நீங்க கடுதாசியில போற போக்குல எழுதியிருக்கறீங்க, எனக்கு அதுதான் பெருசாப் படுது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிமுறை 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளெல்லாம் 18 மாசம் கழிச்சு, 2027 மேயில அமலுக்கு வருது. கம்பெனி லேண்ட்லைனுக்கு அதுல ஒண்ணும் இல்லை, ஆனா நம்மூர்ல ஜாப் ஒர்க் யூனிட்னா முக்காவாசி ஓனரோட சொந்த செல் நம்பர்தானே. அவரே வெளிய போட்ட விவரத்துக்கு சட்டம் பொருந்தாதுன்னு விதிவிலக்கு இருக்குது. கவனிங்க, அவரே போட்டிருக்கோணும். மேப்புல ஒரு கடையை யாரு வேணா சேக்கலாம், பக்கத்து ஊட்டுப் பையன் ஆசையா சேத்து விட்டிருக்கலாம், அந்த அக்காவுக்கே தெரிஞ்சிருக்காது. சட்டம் முழுசா அமலுக்கு வரட்டும்னு காத்திருக்காம அவங்க நம்பரை இனி யாரும் தொடாதபடி குறிச்சு வெச்சுட்டு, ஒருக்கா மன்னிப்புக் கேட்டுருங்க. இங்க சாரி சொல்லலாம், இவங்க நோட்டீஸ் விடலை.

பிரெண்டுக்கு வித்ததுதான் இருக்கறதுலயே மோசம். சொந்த வியாபாரத்துக்கு எடுத்தேன்னு சொன்னா ஒரு மாதிரி, வித்துக் காசு பாத்தேன்னா 66ல அந்த "நேர்மையில்லாம"ங்கற வார்த்தைக்கு அவங்களே தேட வேண்டியதில்லை, ஜிபே ஹிஸ்டரியே காட்டிக் குடுத்துரும். 8,000த்தை பேங்க் வழியாவே திருப்பிப் போட்டுட்டு, லிஸ்ட்டை இனி பயன்படுத்த மாட்டேன் வேற யாருக்கும் குடுக்கலைன்னு அவருகிட்ட எழுதி வாங்குங்க. ஏற்கனவே குடுத்திருந்தா யாருக்குன்னு அதுலயே எழுதச் சொல்லுங்க.

புதுப் பார்ட்டிக்கு என்ன வழின்னு கேப்பீங்க. பொதுமக்களே சேர்ந்து உருவாக்கற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற மேப்போட டேட்டாவை எடுத்து வெச்சுக்கவே அனுமதி உண்டு, அவங்க பேரைப் போடோணும், அதை வெச்சு டேட்டாபேஸ் பண்ணி வெளிய விட்டா அதே லைசென்ஸ்ல விடோணும். அவங்க தேடற சர்வரை நொடிக்கு ஒரு தடவைக்கு மேல தட்டாதீங்க, மொத்தமா அள்ளறதுக்கும் அந்த சர்வர் இல்லை. ஆனா நம்ம பக்கத்து யூனிட்டுங்களுக்கு அதுல போன் நம்பர் ரொம்பக் கம்மிதான். சங்கத்து மெம்பர் டைரக்டரி இருந்தா மாமாவையே கேட்டு வாங்கச் சொல்லுங்க. இல்லீன்னா சாம்பிள் கார்டை எடுத்துட்டு திருப்பூர் காதர்பேட்டையில இருந்து ஆரம்பிச்சு நடங்க, லேபிளை கையில தொட்டுப் பாக்காம ஆர்டர் குடுக்கற மெர்ச்சண்டைசரை நான் இன்னும் பாக்கலை.

பதில் நோட்டீஸ்ல எந்தெந்த வரி உங்களோடது, எந்த உரிமையில கேக்கறீங்க, நட்டத்தை எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு கேட்டு நாமளே ஒண்ணு விடலாம், எடுத்தேன் எடுக்கலைன்னு எதையும் ஒத்துக்காம. 15 நாள் கணக்கு நோட்டீஸ் கைக்கு வந்த தேதியில இருந்து ஓடுது, அதுனால பென்டிரைவோட மாமாவையும் கூட்டிட்டு இந்த வாரமே வாங்க. நோட்டீஸ் வந்த கவரை தூக்கிப் போட்டுறாதீங்க, போஸ்ட் ஆபீஸ் முத்திரை அதுலதான் இருக்குது.