வாயை அடைக்கும் படி எது?

கேள்வி: ஐயா, என் அக்காள் மகன் கோலாலம்பூரில் பொறியியல் படித்துவிட்டுத் திரும்பியதிலிருந்து கடவுள் இல்லை என்று வாதாடுகிறான். இந்த ஆண்டு தைப்பூசத்துக்கும் வரமாட்டேன் என்கிறான். நம் மலேசியாவின் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்தானே? கடவுள் இருக்கிறார் என்பதை அறிவியல் ஆதாரத்தோடு நிரூபித்து, அவன் வாயை அடைக்கும் படி ஒரு பதில் தாருங்கள்.
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: 'அடைக்கும் படி' என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். 'அடைக்கும்படி' என்று சேர்த்து எழுத வேண்டும். கும்பாபிஷேக மலர்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் இதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்தவன் நான், ஆனாலும் விடமாட்டேன். பிரித்தால் பொருள் மாறிவிடுகிறது. வாயை அடைக்கிற ஒரு படிக்கட்டு எங்கோ இருப்பதாகவும், அதைத் தேடித் தரும்படி நீங்கள் என்னைக் கேட்பதாகவும் ஆகிவிடுகிறது.

தேடினால் அப்படியொன்று இருக்கத்தான் செய்கிறது. ஃபெரி ஏறி இந்தப் பக்கம் பினாங்குத் தீவுக்கு வந்து தண்ணீர்மலைக்குப் போங்கள். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். பத்துமலையின் 272 படிகளை ஏறிப் பழகிய கோலாலம்பூர்க்காரர்கள் முதல் நூறு படிவரை ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார்கள். இருநூறில் கதை சுருங்கிவிடும். 272-ஆவது படியில் வழக்கம்போல் கோயில் வந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். இன்னும் 241 படிகள் இருக்கும். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறப்பது மூச்சுக்காக மட்டும்தான். ஆத்திகனுக்கும் நாத்திகனுக்கும் அங்கே ஒரே இரைப்புதான்.

அந்த மலையில் வாய் அடைபடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. வாய்ப்பூட்டு அலகு. சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று அடிவாரத்தில் ஓர் இளைஞனைப் பார்த்தேன். நாக்கில் ஒரு சிறு வேல், கன்னங்களை ஊடுருவி இன்னொன்று. உதட்டோரத்தில் விபூதி எச்சிலில் நனைந்து கட்டியாகியிருந்தது. அவன் பக்கத்தில் அதே வயதில் இன்னொருவன். ஒரு கையில் ஈரத் துண்டு, மறு கையில் இருவர் செருப்பும் போட்ட பிளாஸ்டிக் பை. துண்டால் நண்பனின் புருவத்தை ஒற்றி எடுப்பதும், கூட்டம் நெருக்கும்போது முழங்கையால் இடம் பிடித்துக் கொடுப்பதுமாக இருந்தான். தம்பிக்கும் நேர்த்திக்கடனா என்று கேட்டேன்.

"எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது ஐயா. இன்றைக்கு இவனால் வாயைத் திறக்க முடியாது. வியர்வை கண்ணில் இறங்கினால்கூடச் சொல்ல முடியாது. யாராவது கூட இருக்க வேண்டுமே."

513 படிகளும் அவன் ஏறினான். நான் பின்னாலேயே போனேன்.

அலகு குத்திக்கொண்டவன் தன் வாயைத்தான் பூட்டிக்கொண்டான். அடுத்தவன் வாயைப் பூட்டுவதற்கு எந்தக் கோயிலிலும் நேர்த்திக்கடன் இல்லை. உங்கள் கேள்வியில் என்னைக் குத்தியது அந்தச் சொல்தான். கடவுளுக்கு ஆதாரம் கேட்டிருந்தால் பேசியிருக்கலாம். நீங்கள் கேட்டதோ ஒரு பூட்டு.

சரி, ஆதாரத்துக்கு வருகிறேன். நான் நம்புகிறவன். காலையில் விபூதி பூசாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: அறிவியலின் கையெழுத்து வாங்கி முருகனைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கும் கூட்டத்தைப் போல நம் சமயத்துக்குக் கேடு செய்கிறவர்கள் வேறு யாருமில்லை. ஜெனிவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராசர் சிலை இருக்கிறதாம், ஆகவே விஞ்ஞானிகள் சிவனை ஒப்புக்கொண்டார்களாம். அந்தச் சிலை 2004-இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. அன்பளிப்பை வாங்கி வைப்பது மரியாதை. அது ஆய்வு முடிவு ஆகாது. 2012-இல் அதே கூடத்தில் 'கடவுள் துகள்' அகப்பட்டுவிட்டது, இனி நாத்திகம் செத்தது என்று எனக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. அந்தத் துகளை முன்கூட்டிச் சொன்ன இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் ஒரு நாத்திகர். 'கடவுள் துகள்' என்ற பெயரே அவருக்குப் பிடித்ததில்லை. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மையப்புள்ளி சிதம்பரம் என்பது இன்னொன்று. காந்த நடுக்கோடு உலகத்தைச் சுற்றி ஓடும் ஒரு வளையம். வளையல் போட்ட பெண் எவளையாவது கேட்டுப் பாருங்கள், வளையலில் எந்த இடம் நடு என்று. சிதம்பரத்தின் பெருமைக்கு இந்தப் பொய் எதற்கு? பொறியியல் படித்த பையனிடம் இதையெல்லாம் நீட்டினால் அவன் ஐந்து நிமிடத்தில் உடைத்துப் போடுவான். உடைவது உங்கள் பொய் மட்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கடவுளே உடைந்ததாக எண்ணிக்கொள்வான்.

வாதம் வேண்டுமென்றால் மணிமேகலையிடம் போங்கள். வஞ்சி நகரில் அவள் மாதவன், அதாவது ஆண் துறவி, வடிவம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சமயக்கணக்கராகப் பார்த்து அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் பூதவாதி. நமக்குத் தெரிந்த அசல் நாத்திகன் அவன்தான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்துவைத்தால் போதை பிறக்கிறதே, அப்படித்தான் நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடும், கண்ணால் காண்பது ஒன்றே மெய், மறுபிறப்பும் வினைப்பயனும் பொய் என்கிறான். எவ்வளவு நேர்த்தியான உவமை! எதிராளியின் வாதத்தை மட்டமாக எழுதி மடக்கியிருக்கலாம் சாத்தனார். அவனுக்கு உரிய முழு அழகோடு எழுதினார். மணிமேகலை அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் அறிந்தாய்?

உங்கள் மருமகன் இதற்கு டிஎன்ஏ சோதனை இருக்கிறதே என்பான். சொல்லட்டும், நல்ல பதில் அது. பிறகு நீங்கள் யோசித்து இன்னொன்று கேளுங்கள். இப்படித்தான் வீட்டில் பேச்சு வளர வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். மணிமேகலையே பௌத்தக் காப்பியம். உலகைப் படைத்த ஒரு கடவுளை அது ஏற்பதே இல்லை. அதையும் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக வைத்துப் போற்றுகிற மொழியில் பிறந்துவிட்டு, ஓர் இருபத்து நான்கு வயதுப் பையன் 'இல்லை' என்றதும் குடும்ப மானம் போய்விட்டதாக ஏன் பதறுகிறீர்கள்?

ருக்குன் நெகாராவை இழுத்திருக்கிறீர்கள். 1970-இல் பிரகடனம் செய்தபோது ஐந்து கோட்பாடுகளுக்கு முன்னால் ஒரு முன்னுரையும் வைத்தார்கள். வளமான, பலவகைப்பட்ட பண்பாட்டு மரபுகளிடம் தாராளமான அணுகுமுறை வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பள்ளிச் சபைகூடலில் கோட்பாடுகளை மனப்பாடமாகச் சொன்ன நாம் முன்னுரையைப் புரட்டியதில்லை. புரட்டுங்கள்.

என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1929 டிசம்பரில் பெரியார் இங்கே வந்திறங்கியபோது கேட்ட பேச்சோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாட்டி நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை சம்பளத்தில் தாத்தா தவறாமல் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து பூசையறைக்கு வெளியே இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவார். நிலைப்படியைத் தாண்டமாட்டார். பாட்டி அதை எடுத்துக்கொண்டுபோய் முருகனுக்குச் சாத்துவாள். உள்ளே வாருங்கள் என்று பாட்டியும் கூப்பிட்டதில்லை, பூ எதற்கு என்று தாத்தாவும் கேட்டதில்லை. அந்த ஆணியை நான் பார்த்திருக்கிறேன். வாழைநார் உராய்ந்து உராய்ந்து பளபளவென்று இருந்தது.

வாய்ப்பூட்டு என் வாய்க்கும் வந்ததுண்டு. தைப்பூசத்தில் வெள்ளி ரதத்துக்கு முன்னால் தெருவெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தேங்காய்ச் சில்லு கிடக்கிறதே, அதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. நானும் ஒரு தலையங்கம் எழுதினேன். ஒரு கோயில் நிர்வாகத்தார் என்னை நாத்திகன் என்று சொல்லி அந்த ஆண்டு விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்கள். நெற்றியில் விபூதியோடு போய் அவர்கள் வாசலில் நின்றேன். பேச விடவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அவர்கள் காப்பாற்றியது முருகனை அல்ல. இன்றும் சொல்கிறேன்: ஒரு தேங்காய் உடையுங்கள், மிச்சப் பணத்தில் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

மருமகனைத் தைப்பூசத்துக்கு வற்புறுத்தாதீர்கள். தண்ணீர்ப் பந்தலில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. வருகிறாயா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வராவிட்டாலும் போகட்டும். கடவுள் ஏன் இல்லை என்பதை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அவனுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். கருத்தில் ஒரு வரி வெட்டமாட்டேன். 'படி'யை மட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.