மூன்றாம் நாளைப் பற்றி ஒரு மாப்பிள்ளையின் கேள்வி

கேள்வி: நான் பகுத்தறிவுக் குடும்பத்தில் வளர்ந்தவன். பெரியார் திடல் கூட்டங்களுக்கு அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போனவன். என் மனைவி சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர், மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மதத்தை வைத்து எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சென்ற ஈஸ்டர் அன்று கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் பாட்டி கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, எட்டு வயது மகள், "இயேசு நிஜமாவே எழுந்து வந்தாராப்பா?" என்று கேட்டாள். நான் மாமனாரைப் பார்த்தேன். "விசுவாசத்துல கேள்வி கேட்கக் கூடாது மாப்ளே" என்று சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்காத என் மனைவி, இறந்தவர் எழுந்தார் என்பதை எந்த ஆதாரத்தில் நம்புகிறார்? இந்த முறை விடியற்காலை ஆராதனைக்கு நானும் வரவேண்டும் என்கிறாள் மகள். போனால் அது நடிப்பாகிவிடாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அயனாவரம், சென்னை

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நான் கிறிஸ்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பதிலை எடைபோடும்போது அதையும் தராசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி எந்தக் காரணத்தால் நம்புகிறார் என்பதை அவர்தான் சொல்ல முடியும். பாட்டி மடியில் கேட்ட ஜெபமாக இருக்கலாம், ஒரு நோய்ப்படுக்கையில் கிடைத்த ஆறுதலாக இருக்கலாம். ஆனால் காரணம் கேட்டால் சொல்லக்கூடிய கிறிஸ்தவர்கள் பொதுவாக எவற்றை முன்வைக்கிறார்கள், அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதை என்னால் சொல்ல முடியும்.

உங்கள் மாமனார் சொன்னதை மட்டும் முதலில் தள்ளி வையுங்கள். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று கொரிந்து நகரச் சபைக்கு எழுதியவர் பவுல், முதல் தலைமுறையில் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர். நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லையென்றால் எல்லாம் போயிற்று என்று ஒரு மதத்தின் மூல நூலே தன் கழுத்தைத் தானே நீட்டும்போது, அதைப் பற்றிக் கேட்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மேலும், நீங்கள் இருக்கும் ஊர் சென்னை. சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு சொல்லும் தோமா, இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவர், காயத்தில் விரலை இட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவர்; இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நூல்களில் ஒன்றான யோவான் சுவிசேஷத்தின்படி அதற்காக அவரை யாரும் வெளியே அனுப்பிவிடவில்லை.

இனி காரணங்கள். வரலாற்றாசிரியர்கள் முதலில் கையில் எடுப்பது சுவிசேஷங்களை அல்ல, பவுலின் கடிதங்களைத்தான், ஏனெனில் அவை அவற்றைவிடப் பழையவை. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33 என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 55 வாக்கில் எழுதப்பட்டது, அதைப் பவுல்தான் எழுதினார் என்பதில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்களும் ஐயம் கொள்வதில்லை. அதன் 15ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு பட்டியல் தருகிறார்: கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், முதன்மைச் சீடர் பேதுருவுக்குத் தோன்றினார், பின்பு பன்னிரு சீடருக்கு, பின்பு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே வேளையில், பின்பு யாக்கோபுக்கு, கடைசியாக எனக்கும். இதைத் தாம் புதிதாகச் சொல்லவில்லை, தாமும் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாக எழுதுகிறார். பெற்றது எப்போது? கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், மனம் மாறி மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், அங்கே இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கண்டதாகவும் சொல்லி, எழுதுவது பொய்யல்ல என்று கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். கணக்குப் போட்டால், சிலுவைக்குப் பின் ஐந்தாறு ஆண்டுக்குள், பட்டியலின் தலைப்பில் இருப்பவர் வீட்டிலேயே பவுல் உட்கார்ந்து பேசியிருக்கிறார். தலைமுறைகள் கடந்து, கேட்டவர் வாயிலிருந்து கேட்டவர் வாய்க்கு மாறிப் பெருகிய கட்டுக்கதை இது என்று சொல்வது இதனால் கடினமாகிறது. என் பார்வையில் கிறிஸ்தவர் கையில் இருக்கும் மிக வலுவான ஆதாரம் இதுதான். அந்த ஐந்நூறு பேரை மட்டும் நான் அழுத்திச் சொல்வதில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது, பவுலின் ஒரு வரியைத் தவிர வேறு சான்றும் இல்லை.

அந்தப் பட்டியலில் இரண்டு பேரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் பவுல், அந்தச் சபையை வேட்டையாடியவர், அதைத் தம் கையாலேயே எழுதி ஒப்புக்கொள்கிறவர். இன்னொருவர் யாக்கோபு. இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவருடைய சகோதரர்களே அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். வீட்டார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துக்கொண்டு போக வந்ததாக மாற்கு எழுதுகிறார். தங்கள் தலைவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் இப்படி ஒரு செய்தியை யாரும் வேண்டுமென்று புனைய மாட்டார்கள். அதே யாக்கோபுதான் பின்னர் எருசலேம் சபைக்குத் தலைவராகி, கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இதைப் பதிவு செய்தவர் கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். அண்ணனைக் கடவுளாக ஏற்றுக்கொள்வது எந்த ஊரில் எளிது?

அடுத்தது பெண்கள். நான்கு சுவிசேஷங்களும் விவரங்களில் ஒன்றோடொன்று மோதினாலும், வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்களில் இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில் ஒத்துப்போகின்றன. பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று அதே ஜோசிபஸ் எழுதிய காலம் அது. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற கிரேக்க அறிஞர், புத்தி தடுமாறிய ஒரு பெண் சொன்னதை நம்புகிறார்களே என்று கிறிஸ்தவர்களைக் கேலி செய்தார். வெளியாரை விடுங்கள், அந்தப் பெண்கள் ஓடிவந்து சொன்னபோது அப்போஸ்தலர்களே, அதாவது இயேசுவின் முதன்மைச் சீடர்களே, அதை வெறும் பிதற்றலாக எண்ணி நம்பவில்லை என்கிறார் லூக்கா. கதை கட்டுகிறவன் பேதுருவையோ, யூத ஆலோசனைச் சங்கத்து உறுப்பினரும் இயேசுவை அடக்கம் செய்தவருமான அரிமத்தியா யோசேப்பையோ அல்லவா கல்லறை வாசலில் முதலில் நிறுத்தியிருப்பான்? இதற்கு எதிர்த்தரப்பின் பதிலையும் கேளுங்கள்: பவுலின் பட்டியலில் பெண்கள் இல்லை, ஆகவே கல்லறைக் கதை பின்னால் வந்து சேர்ந்தது என்பார்கள். சபையின் பொதுச் சாட்சியாக ஓதப்பட்ட வாசகத்தில், அக்காலத்தில் செல்லாத சாட்சிகளை விட்டுவிட்டார்கள் என்பது கிறிஸ்தவர் பதில். இரண்டுமே ஊகம்தான்; எனக்கு இரண்டாவது இயல்பாகப்படுகிறது.

சிலுவையில் மாண்டவருக்குக் கல்லறையே கிடைத்திருக்காது, நாய்க்கும் கழுகுக்கும் போட்டிருப்பார்கள் என்ற வாதமும் உண்டு. பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஆனால் 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புப் பெட்டியில், குதிகால் எலும்பில் இரும்பாணி இன்னும் தைத்திருக்க, யெகோகானான் என்ற ஒருவரின் எலும்புகள் இருந்தன. சிலுவையில் அறையப்பட்டவருக்கும் குடும்பத்தார் முறைப்படி அடக்கம் செய்தது உண்டு என்பதற்கு அது போதும். இயேசுவின் கல்லறையைப் பற்றி அது எதையும் நிரூபிப்பதில்லை.

உங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கனமான கேள்வி வேறு: சீடர்கள் கண்டது துயரத்தில் வந்த தோற்றமாக ஏன் இருக்கக் கூடாது? நம் வீடுகளில் இது புதிதா? காரியம் முடியுமுன்பே "அம்மா நேற்று வாசலில் வந்து நின்றாள்" என்று சொல்லும் மகள்கள் எத்தனை பேர். ஆனால் அப்படிச் சொல்லும் எந்த மகளும் அம்மா சாகவில்லை, எழுந்துவிட்டாள் என்று முடிவு கட்டுவதில்லை. ஆவியாக வந்தாள், ஏதோ குறை இருக்கிறது, படையல் போடு என்பதே நம் முடிவு. அக்கால யூதர்களுக்கும் இதற்கொரு விளக்கம் தயாராக இருந்தது. சிறையிலிருந்து தப்பிவந்த பேதுரு கதவைத் தட்டியபோது, வேலைக்காரப் பெண் ரோதை ஓடிப்போய்ச் சொன்னால், உள்ளிருந்தவர்கள் அது அவருடைய வானதூதனாயிருக்கும் என்றார்கள். உயிர்த்தெழுதல் என்பதை யூதரில் ஒரு பிரிவினரான பரிசேயர்கள் உலக முடிவில் எல்லாருக்கும் ஒருசேர நடக்கப்போவதாக எதிர்பார்த்தார்கள், இன்னொரு பிரிவினரான சதுசேயர்கள் அதையே மறுத்தார்கள்; நடுவில் ஒருவர் மட்டும் எழுவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. பின் ஏன் தோற்றம் கண்டவர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது கிறிஸ்தவரின் எதிர்க்கேள்வி. அப்போஸ்தலருடைய நடபடிகள் என்ற வேதநூலின்படி, மனம் மாறிய அன்று தமஸ்கு வழியில் பவுல் கண்டது வானத்திலிருந்து வந்த ஒளியைத்தான், அந்த அனுபவத்தையும் அவர் அதே பட்டியலில்தான் சேர்க்கிறார் என்பதை நீங்கள் திருப்பிச் சொன்னால், அந்த இடத்தில் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு என்று நான் ஒப்புக்கொள்வேன்.

நிற்காத காரணங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஈஸ்டர் வாரத்தில் உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் இவைதான் அதிகம் வரும். இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் தூரின் சவத்துணியை 1988இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் சோதித்து, 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றன. அந்த முடிவை இன்றும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள், என்றாலும் அதை ஆதாரமாக நீட்டுவது முறையல்ல. ஜோசிபஸே உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி சொன்னார் என்ற பத்தியில் கிறிஸ்தவர் கை பின்னால் பட்டிருக்கிறது என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. பன்னிருவரும் உயிரைக் கொடுத்தார்கள் என்பதில் சிலருக்கே பழைய, உறுதியான பதிவு இருக்கிறது. அதுவும் அவர்கள் மனமார நம்பினார்கள் என்பதைத்தான் காட்டும். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரு பெரும் கையெழுத்துப் படிகளான சினாய், வத்திக்கான் படிகளில் இல்லை என்பதையும் உங்கள் மனைவி அறிந்திருப்பது நல்லது. மாமனாரிடம் இதைச் சாப்பாட்டு மேசையில் எடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆய்வுக்கூட நிரூபணம் கிடைக்காது. எந்தச் சாட்சியும் பொய்யாவதற்குள்ள வாய்ப்பு, இயற்கை விதி பொய்யாவதற்குள்ள வாய்ப்பைவிட எப்போதும் அதிகம் என்ற பொருளில் 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் வாதாடினார். கடவுள் இல்லை என்ற இடத்திலிருந்து புறப்படுகிறவருக்கு அது முடிந்த வழக்கு. கடவுள் இருக்கக்கூடும் என்று கதவைச் சற்றுத் திறந்து வைப்பவருக்கோ மேற்சொன்ன சான்றுகள் வேறு கனம் பெறுகின்றன. சான்றுகளை ஏற்றால் கிறிஸ்தவராகித்தான் தீர வேண்டும் என்பதுமில்லை: பின்காஸ் லாபிடே என்ற யூத அறிஞர், இயேசு எழுந்தது நடந்த நிகழ்ச்சியே என்று ஏற்றுக்கொண்டு, கடைசிவரை யூதராகவே இருந்தார். உங்கள் மனைவி ஒரே மூளையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார் என்று எண்ணாதீர்கள். திரும்பச் செய்து பார்க்கக்கூடிய வினையை அவர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார். ஒருமுறை நடந்ததாகச் சொல்லப்படுவதைச் சாட்சிகளை வைத்து முடிவு செய்கிறார். நீதிமன்றத்தில் நாம் எல்லாரும் ஏற்கும் முறை அதுதான், தீர்ப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறலாம்.

ஆகவே ஈஸ்டர் பரபரப்பு இல்லாத ஒரு மாலையில், அந்த 15ஆம் அதிகாரத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படும் பகுதி அது. பாட்டியின் அடக்கத்தன்று உங்கள் மனைவி அதைக் கேட்டிருக்கவும் கூடும். வாதத்தில் வெல்வதற்காக வாசிக்காதீர்கள், எந்த வரியில் அவர் மனம் நிற்கிறது என்று கேளுங்கள். மகளிடம், "அம்மா நம்புறா, எனக்கு இன்னும் நம்பிக்கை வரல, ரெண்டு பேருக்கும் காரணம் இருக்கு, அம்மாகிட்டயும் கேளு" என்று சொல்லிவிடுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இது புரியாத விஷயமல்ல.

விடியற்காலை ஆராதனைக்குப் போவது நடிப்பாகாது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று ஆயர் சொல்ல, சபையார் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்வார்கள். அந்த வரியை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு மற்றவர்கள் எழுந்து போகும்போது உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், பெரும்பாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மாமனாருக்கு மட்டும் முந்தைய நாளே இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.