வளைவில் கவிழும் லாரி

கேள்வி: போர் இல்லாத நாளிலும் ராணுவ லாரிகள் கவிழ்கின்றனவே, தடுக்க முடியாதா?

பதில்: இருபது வருடம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் நான். முதல் எதிரி உயரம்தான். மேடுபள்ளம் தாண்டுவதற்காக வண்டியைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். மேலே கவசத் தகடும் ஏறினால் எடை மையம் இன்னும் உயரும். வளைவில் வேகம் இரு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்கு. பாதி நிரம்பிய தண்ணீர் டேங்கர் என்றால் எனக்கு இன்றும் பயம். நாம் திருப்பி முடித்த பிறகும் உள்ளே தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு டேங்கருக்குள் தடுப்புத் தகடுகள் அவசியம்.

சரி, சறுக்கினால்? பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., அப்புறம் தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போடும் இ.எஸ்.சி. அமெரிக்க ராணுவம் ஹம்வீ என்ற தன் பழைய ராணுவ ஜீப்புகளிலேயே இவற்றைப் பொருத்தியது. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் சீட் பெல்ட் வேண்டும். எங்கள் காலத்தில் அது கயிறு!