குழந்தைக்கு மலேரியா முற்றினால் வார்டில் என்ன நடக்க வேண்டும்?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குக் குழந்தைகள் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

தங்கச்சிமடம்: மலேரியா, ஃபிட்ஸ் என்று மகனை அட்மிட் செய்தோம். ராத்திரி முழுக்க விரலில் குத்தி சுகர் பார்த்தார்கள். பச்சைப் பிள்ளைக்கு எதற்கு சுகர் டெஸ்ட்?

முற்றிய மலேரியாவில் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும் அம்மா. 40-க்குக் கீழே போனால் அதுவே ஃபிட்ஸையும் மயக்கத்தையும் கொண்டுவரும். உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் திரவம், எடையில் கிலோவுக்கு 5 மில்லி நரம்பில் போக வேண்டும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும். குத்தியவர்களைத் திட்டாதீர்கள், குத்தாத வார்டில்தான் சண்டை போட வேண்டும்.

மண்டபம்: பிள்ளை வாடிக் கிடக்கிறாள். ட்ரிப்ஸை வேகமாக விடச் சொன்னால் நர்ஸ் மறுக்கிறார். அலட்சியம்தானே?

இல்லை. பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் என்று நாம் பழகிவிட்டோம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் மலேரியாக் குழந்தைகள். மளமளவென்று திரவம் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தையின் கணக்கு வேறு. ரத்தம் மிகவும் குறைந்து மூச்சிரைக்கிற பிள்ளைக்குத் தேவை ரத்தம். அதற்கு உங்கள் வீட்டு ஆட்கள் ரத்த வங்கிக்கு ஓடட்டும், ட்ரிப்ஸ் குழாயை யாரும் திருகாதீர்கள்.

தேவிபட்டினம், செவிலியர்: முற்றிய மலேரியாவுக்குப் போடும் ஆர்டிசுனேட் ஊசியின் அளவு?

20 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 2.4. சேர்த்தவுடன், 12-ஆம் மணி, 24-ஆம் மணி, அப்புறம் தினம் ஒன்று. முதல் 24 மணி நேர ஊசிகளைக் குறைக்கக் கூடாது. வாயால் விழுங்க ஆரம்பித்ததும் 3 நாள் மலேரியா கூட்டு மாத்திரை. வயதை வைத்து எடையை ஊகிக்காதீர்கள் சிஸ்டர். பிள்ளை நிற்காவிட்டால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொல்லி, அம்மாவின் எடையைக் கழியுங்கள்.

பாம்பன்: எங்கள் தீவில் வைவாக்ஸ் வகை மலேரியாதானே, அது சாதுவானது என்கிறார்களே?

அதுவும் முற்றும். கல்லீரலில் பதுங்கித் திரும்பவும் வரும், அதற்குத்தான் 14 நாள் ப்ரைமாகுயின் மாத்திரை. கைக்குழந்தைக்குக் கூடாது. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவதுதான் நம் வழக்கம். எதிர்க்கரை இலங்கை 2016-லேயே மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கிவிட்டது!

கீழக்கரை: வீட்டுக்கு வந்தபின் கவனிக்க ஏதாவது?

ஆர்டிசுனேட் ஊசி போட்டிருந்தால் முதல் நான்கு வாரங்களுக்குள் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் ஹீமோகுளோபின் பாருங்கள். சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே ஆஸ்பத்திரி.